ஸ்லிம் வரட்டும்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ஸ்லிம் அண்ணன். உடம்பைப் பார்த்து வைத்த பெயரில்லை. தர்மபுரியில் எந்தப் பையன் கேம் பெட்டி வாங்கக் கிளம்பினாலும் குறுக்கே வந்து நிற்பார்: "பொறு தம்பி, ஸ்லிம் வரட்டும்."

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக் கணக்கு எழுதுகிறவர். விடிகாலை விலைக்கு வாங்குகிறவன் ஏமாளி, வெயில் ஏறும்வரை காத்திருப்பவன் வியாபாரி என்பது அவர் கட்சி. கேம் பெட்டியும் தக்காளிதானாம். தக்காளி அழுகும், பெட்டி மெலியும். அவ்வளவே வித்தியாசம்.

ஆதாரமும் கைவசம் உண்டு. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, 60 ஜிபி, 599 டாலர். 2009இல் வந்த ஸ்லிம், 120 ஜிபி, 299 டாலர். இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

"சிப்பு 90 நானோமீட்டர்ல இருந்து 45க்கு எறங்கிடுச்சுப்பா. தோசையைச் சின்னச் சின்னதா வெட்டற மாதிரி. துண்டு நிறைய கிடைக்கும். ஒரு இடம் கருகினாலும் ஒரு துண்டுதான் வீண். சின்ன சிப்பு கரண்டும் கம்மியா குடிக்கும், சூடும் கம்மி. அப்புறம் எதுக்கு அம்மாம் பெரிய ஃபேனு? பெட்டி சுருங்கினா கன்டெய்னர்ல நிறைய ஏறும். மொதல்ல நட்டத்துக்கு வித்தவன் இப்பதான் மூச்சு விடறான்."

இவ்வளவு தெரிந்தவர் இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை. அந்த ஸ்லிம் வந்தபோது, இன்னும் ஒல்லியாக வரும் என்றார். 2012இல் வந்தது. "நாலு வரப்போற நேரத்துல எவனாவது மூணு வாங்குவானா?" என்றார். ஞாயிறு மதியம் ஆடுவதெல்லாம் எங்கள் வீட்டுத் தடிப் பெட்டியில்தான். மிக்ஸி மாதிரி இரைகிறது என்று குறை வேறு.

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். டிஸ்க் போடுகிற பெட்டி 49,990 ரூபாய். அடுத்த வருடம் 54,990 ஆனது. 2023 ஜூலையில், தக்காளி கிலோ நூறைத் தாண்டிய அதே மாதத்தில், 7,500 ரூபாய் தள்ளுபடி அறிவித்தார்கள். 47,490! மண்டிக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "பழைய சரக்கைத் தள்ளறான். ஸ்லிம் கிட்ட வந்துடுச்சு" என்றார்.

கணிப்பு தப்பவில்லை. 2024 ஏப்ரல் 5ஆம் தேதி ஸ்லிம் இந்தியாவில் இறங்கியது. நாலரைக் கிலோப் பெட்டி 3.2 கிலோவாகியிருந்தது. விலை 54,990. நிற்க வைக்கிற ஸ்டாண்டுக்குத் தனிக் காசு.

கடையில் அந்த விலைச் சீட்டை, வரத்துக் குறைந்த நாளின் தக்காளிக் கூடையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

"அந்த ஸ்டாண்டு எவ்வளவுங்க?"

சொன்னார்கள்.

"அதும் எறங்கட்டும். சேர்த்தே வாங்கிக்கலாம்" என்று வண்டியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சரியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.