தோலோடு ஒரு முழுக்கோழி

தமிழ்நாட்டுக் கறிக்கோழிக்கு விலை பல்லடத்தில்தான் முடிவாகிறது. அங்குள்ள ஒருங்கிணைப்புக் குழு சொல்லும் பண்ணைக் கொள்முதல் விலையை வைத்துத்தான் கடைக்காரர் பலகையில் சாக்பீசால் எழுதுகிறார். புரட்டாசியில் அது இறங்கும், மாதம் கழிந்ததும் ஏறும். பல்லடத்திலிருந்து உடுமலை வரை, ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த மேட்டாங்காடுகளில் இன்று நீளநீளமான கோழிக் கொட்டகைகள் நிற்கின்றன. இவ்வளவு கோழிகளுக்கு நடுவே குடியிருந்துகொண்டு, தோல் உரிக்காத, வெட்டாத ஒரே ஒரு கோழியை வாங்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் படும் பாடு கொஞ்சமல்ல.

"தோலோட முழுசா ஒண்ணு வேணுங்க தம்பி" என்றால் கடைத் தம்பி கத்தியைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்க்கிறார்.

"வெட்டாமயாங்கண்ணா? அப்புறம் எப்படிங்க உள்ள வேகும்?"

அவர் மேல் குறையில்லை. இறகையும் தோலையும் சேர்த்து இழுத்து உரித்தால் ஒரு கோழி நிமிடத்தில் முடிந்துவிடும். தோல் வேண்டுமென்றால் வெந்நீரில் முக்கி, சுழலும் டிரம்மில் போட்டு, மிச்சமிருக்கும் முடியைக் கையால் பிடுங்கவேண்டும். சனிக்கிழமை இரவு பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போட்டிருப்பார்கள். காலையில் கடை வாசலில் நிற்பவர்கள் வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள். "அரைக் கிலோ, சின்னப் பீஸா போடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய், துணி துவைப்பதற்கு முன்னால் குழம்பை இறக்கியாக வேண்டும். அந்த வரிசையில் முழுக்கோழி கேட்டு நிற்கும்போது எனக்குப் பின்னால் இருப்பவரின் நேரத்தை எடுக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் முதல்நாளே சொல்லிவைத்துவிடுகிறேன்.

எங்கள் அம்மாயி காலத்தில் தோல் உரித்த கோழியை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. விருந்தாள் வருகிறார் என்றால் விடிவதற்கு முன்பே, கொடாப்பைத் தூக்கிக் கோழிகளை வெளியே விடுமுன், வேண்டியதைப் பிடித்துவிடுவார். வெந்நீர் ஊற்றி இறகு பிடுங்கியபின் அடுத்த வேலை அடுப்படியில் நடக்காது. வாசலில் காய்ந்த சோளத்தட்டைக் கொளுத்தி, கோழியின் காலையும் கழுத்தையும் இரண்டு கையில் பிடித்துத் தீயின் மேல் திருப்பித் திருப்பி வாட்டுவார். பூமுடி பொசுங்கியதும் எடுத்து, அம்மியில் அரைத்த மஞ்சளை இண்டு இடுக்கு விடாமல் தேய்த்து, மறுபடி தீ. இந்த இரண்டாம் வாட்டலில்தான் தோல் இறுகும். சதையோடு ஒட்டி மினுமினுக்கும். தொடை இடுக்கில் கொழுப்பு பொட்டுப் பொட்டாகத் துளிர்க்கும்.

"தோலு வெடிக்காம வாட்டோணும் சாமி. வெடிச்சா நெய்யெல்லாம் நெருப்புக்குப் போயிரும்."

அதற்குப் பிறகுதான் அரிவாள்மனை. முழுக்கோழியைத் தீயில் காட்டுவது எங்களுக்குப் புதிதல்ல என்று நான் சொல்வது இந்த வாசலை நினைத்துத்தான்.

மிளகு அந்த வீட்டில் அஞ்சறைப்பெட்டியின் ஒரு கிண்ணத்தில் மட்டும் இருந்தது. மிளகாய் காட்டில் காய்த்தது. மிளகைச் சந்தையில் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். அதனால் அது மருந்தின் பக்கம் சேர்ந்துவிட்டது. சளிக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கோழிச்சாற்றில் தட்டிப் போடுவது. மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வருமுன் நம் உணவின் காரமெல்லாம் மிளகுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த அந்த மிளகு முசிறியில் கப்பலேறி ரோமாபுரி வரை போனது. கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட பிணைப்பொருளில் பொன், வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. அந்த முசிறிக்கும் கிழக்குக்கும் இடையே இருந்த பெருவழி பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து நொய்யலை ஒட்டிப் போனது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது கல்மணிப் பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் தமிழி எழுத்துள்ள ஓடுகளும் கிடைத்தன. சாயக்கழிவுக்குப் பெயர்போன ஆறாக நொய்யலை அறிந்த பிள்ளைகளுக்கு இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிளகோடு சேர்த்து வாட்டிய முழுக்கோழியை நான் முதலில் தின்றது ஜெர்மனியில், ஒரு பையரின் வீட்டில். ஏற்றுமதி சூடுபிடித்திருந்த தொண்ணூறுகளில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். டி-சர்ட் சாம்பிள்களைக் காட்டப் போன இடத்தில், ஞாயிறு மதியம் என்று வீட்டுக்கே அழைத்தார்கள். மேசையின் நடுவில் பொன்னிறமாக ஒரு கோழி. வெட்டியதும் வயிற்றிலிருந்து எழுந்த ஆவியில் மிளகு வாசம். அந்த அம்மாள் இறைச்சிக்கு முன் தோலைத்தான் பங்குபோட்டார், எல்லோருக்கும் ஒரு துண்டு கிடைக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் மலை மிளகு, எங்கள் வாசலில் வாட்டிய அதே தோல். இரண்டும் ஒரே தட்டில் சேர நான் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில்தான் இங்கே கோழி மாறியது. 1984இல் உடுமலைப்பேட்டையில் சகோதரர்கள் இருவர் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுத்தன. விவசாயி கொட்டகையும் உழைப்பும் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்கினார். மழை பொய்த்த காட்டுக்காரர்கள் பலரை அது காப்பாற்றியது. கூலி போதவில்லை என்ற சண்டையும் தொடர்கிறது. ஆறேழு மாதம் குப்பையைக் கிளறித் திரிந்து தேறிய கோழியின் இடத்தில், நாற்பது நாளில் இரண்டு கிலோ தொடும் கோழி வந்தது. ஒவ்வொரு வீடாகக் கொடாப்பு காணாமல் போனது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுப்புக்குள் முழுதாக வைத்து வாட்ட, இந்த நாற்பது நாள் கோழிதான் பொருத்தம். நாட்டுக்கோழியை அப்படி வைத்தால் தொடை நார்நாராக இறுகிவிடும். அதற்குக் குழம்புதான் சரி. பிராய்லர் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்களோடு இதில் நான் ஒத்துப்போவதில்லை. அதன் சதைக்குச் சொந்த ருசி குறைவு, உண்மை. அதனால்தான் தோலும் மிளகும் அதற்கு அவசியம்.

மிளகுக்கும் வாசம் மேல்தோலில்தான் இருக்கிறது. சரத்தில் ஒன்றிரண்டு மணி பழுக்கும்போது பறித்து வெயிலில் காயவைத்தால் தோல் சுருங்கிக் கறுத்து அந்த எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தோலை ஊறவைத்து நீக்கிய வெண்மிளகில் காரம் நிற்கும், வாசம் போய்விடும். பொடித்து டப்பாவில் அடைத்ததிலும் கதை அதுதான்.

எனவே வால்பாறைப் பக்கத்து மிளகை முழுதாக வாங்கி வைத்திருக்கிறேன். முதல்நாள் இரவு கோழியைத் துணியால் ஒற்றி, கிலோவுக்கு மூன்று டீஸ்பூன் கல்லுப்பைப் பொடித்து உள்ளும் புறமும் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். தோல் காகிதமாய்க் காயவேண்டும். ஈரமிருந்தால் வேகும், சிவக்காது. காலையில் வெறும் வாணலியில் ஒரு பிடி மிளகைச் சூடுகாட்டி, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டுவேன். பெரும்பகுதி சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலையோடு வயிற்றுக்குள் போகும். மிச்சத்தை நெய்யில் குழைத்து, நெஞ்சுப் பக்கம் தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டு மெல்லத் தள்ளிவிடுவேன். வெளியே அப்பினால் கருகிக் கசக்கும். மேலே நெய்யும் மஞ்சளும் மட்டும்.

ஓடிஜி அடுப்பை 200 டிகிரியில் நன்றாகச் சூடாக்கி வைத்து, ஒன்றரைக் கிலோக் கோழிக்கு ஒன்றேகால் மணி நேரம். இடையில் தட்டை ஒருமுறை திருப்பவேண்டும். தொடையின் தடித்த இடத்தில் ஊசி செருகினால் வரும் நீர் தெளிவாக இருக்கவேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி. எடுத்ததும் வெட்டக்கூடாது. கால் மணி நேரம் விட்டால்தான் சாறு சதையிலேயே தங்கும். தட்டில் இறங்கிய நெய்ச்சாற்றில் சுடுசோற்றைப் பிசைந்து பேத்திக்கு முதல் உருண்டை கொடுத்தேன். அவளுக்குக் காரம் ஆகாது என்று மருமகள் தடுத்தாள். பிள்ளை இரண்டாவது உருண்டை கேட்டதும் விட்டுவிட்டாள்.

எலும்புகளைத் தூக்கிப்போடுவதில்லை. வயிற்றிலிருந்த வெந்த மிளகோடும் பூண்டோடும் சேர்த்துக் குக்கரில் வைத்தால் திங்கட்கிழமைக்கு ரசம்.