தீர்ப்பு அண்ணன்

பட்டுக்கோட்டைக்குள் எந்தப் புதுப் பாட்டு நுழைந்தாலும் தீர்ப்பு அண்ணனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒரே ஆள் அல்ல. டீக்கடைக்கு ஒருவர், தேங்காய் மண்டிக்கு ஒருவர் என்று ஊர் முழுக்க இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இசை கற்றதில்லை. ஆனால் பெரிய பெரிய கச்சேரிகளை நேரில் கேட்டவர். கேட்டவனுக்குக் கற்றவனைவிட ஒரு படி தகுதி கூடுதல் என்பது அவர் கட்சி. இளவட்டம் யாராவது கைபேசியை நீட்டினால் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேட்பார். முன்னிசை முடிவதற்குள் டீ கிளாஸ் கீழே இறங்கும். இறங்கினால் தீர்ப்பு தயார். "வெறும் இரைச்சல்" என்பது சாதாரண தண்டனை. "இதெல்லாம் நம்மாளு அப்பவே போட்டுட்டான்" என்பது கடுங்காவல். இரண்டையும் ஒரே பாட்டுக்கு ஏககாலத்தில் விதிப்பதும் உண்டு. நம்மாள் அப்பவே போட்டது எப்படி வெறும் இரைச்சலாக இருக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. டீக்குக் காசு கொடுப்பவர் அவர்தான்.

அவர் முன்னால் வைத்துப் பார்க்கத் தகுந்த வழக்கு எம்.ஐ.ஏ.வின் 'கலா'. 2007 ஆகஸ்டில் வந்த மின்னணு இசைத் தொகுப்பு. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் துரத்த மறுபடியும் லண்டனுக்கே அகதியாகப் போனவர். முதல் தொகுப்புக்கு அப்பாவின் பெயரை வைத்தார், இதற்கு அம்மாவின் பெயரை. அமெரிக்காவில் தங்கி வேலையை முடிப்பதாகத்தான் திட்டம். நீண்டகால விசா கிடைக்கவில்லை. ஆகவே இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று அலைந்து, போன இடத்து ஒலிகளைக் கணினிக்குள் சேர்த்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஸ்டுடியோ கிடைத்தது. தாளக் கலைஞர்கள் 20 பேருக்கு மேல் வந்து வாசித்தார்கள். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் முட்டி மோதுவது நம் உறுமிதான். 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டின் துண்டும் அதற்குள் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் குரல் ஒரு பாட்டில். 1982-இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு பப்பி லஹிரி போட்ட மெட்டு இன்னொன்றில். ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் முதல் தொகுப்பு என்று இதைத் தூக்கி வைத்தது. மெட்டு எங்கே, காது வலிக்கிறதே, வழியில் பொறுக்கியதையெல்லாம் ஒட்டவைத்தால் இசையா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

அண்ணன் இரண்டாவது கட்சி. பாடியவர் யாழ்ப்பாணத்துப் பெண் என்றதும் முகம் மலரும். மல்லிப்பட்டினத்துக் கடலுக்கு அந்தப் பக்கம்தானே, நம்ம பிள்ளை. பாட்டு தொடங்கியதும் உறவு முறியும். காரணம் கேட்டால் ஒலியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். அது செய்யப்பட்ட விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே குற்றப்பத்திரிகையாக வாசிப்பார். "ஓரிடத்துல உக்காந்து போடணும்யா பாட்டு. ஊர் சுத்திக்கிட்டே போட்டா இப்படித்தான்." அவர் கேட்ட பாட்டில் முக்கால்வாசி பேராவூரணி, அறந்தாங்கி வழித்தடத்துப் பேருந்துகளில் கேட்டது. கேட்பவர் பயணத்தில் இருக்கலாம், போட்டவர் இருக்கக் கூடாது.

இந்த நியாயத்தைக் காவிரிப் படுகையில் நின்றுகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. இந்த மண்ணின் தலையாய இசை உட்கார்ந்து செய்ததா? சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி. பிறகு வீதி வீதியாக, சில ஊர்களில் விடிய விடிய, நின்றும் நடந்தும் ராக ஆலாபனை. நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்ததற்கு அவருடைய கற்பனை ஒரு காரணம், தெருவின் நீளம் இன்னொரு காரணம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குப் பின்னாலும் இந்த வீதியுலா மரபு நிற்கிறது. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக மூட்டை கட்டிக்கொண்டு அலைந்தவை. அண்ணன் யார் பெயரைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துகிறாரோ, அந்தச் செங்கப்படுத்தான்காட்டுப் பாடலாசிரியர் கல்யாணசுந்தரமே சக்தி நாடக சபாவில் இருந்துவிட்டுத்தான் சினிமாவுக்குப் போனார்.

வழியில் செய்தது மட்டுமல்ல, கருவியில் செய்தது என்பதும் அவருக்கு ஆகாது. "பொத்தானை அமுக்குனா வந்துருது." நாடகக் கொட்டகையின் ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதான். கமகம் வராது, சுருதி ஒட்டாது என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி அதை வெளியே நிறுத்தியது. 1971 வரை முழுத் தடை நீடித்தது. அதே முப்பது ஆண்டுகளில் அந்தப் பெட்டி மாட்டுவண்டியிலும் ரயிலிலும் ஏறி, அண்ணனின் அப்பா தலைமுறை கேட்ட நாடகப் பாட்டுக்கெல்லாம் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஆர்மோனியம் என்றால் அண்ணனுக்குக் கண் கலங்கும். கணினி இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை.

அண்ணன் பக்கத்தில் வழக்கறிஞர் ஒருவர் நின்றால் இப்படி மடக்கலாம்: நாகஸ்வரக்காரர் ஊர் சுற்றினாலும், குருவீட்டில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த சரக்கைத்தான் வழியில் அவிழ்த்தார், இந்தக் கணினி இசைக்காரர்கள் வழியிலேயே கொள்முதல் செய்து வழியிலேயே விற்கிறார்கள். வலுவான வாதம். இதற்குச் சாட்சியும் இருக்கிறது. கொரில்லாஸ் என்ற ஆங்கிலக் குழுவின் டேமன் ஆல்பர்ன் 2010-இல் வட அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தின்போது, பெரும்பகுதியை ஐபேடிலேயே செய்து 'தி ஃபால்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். பயணத்தின் நாட்குறிப்பு போல ஒன்று. கிறிஸ்துமஸுக்கு ரசிகர் மன்றத்தாருக்கு இலவசமாகக் கிடைத்தது. புதுமை என்றார்கள் சிலர், முடிக்காத குறிப்புகள் என்றார்கள் சிலர். என் தீர்ப்பைக் கேட்டால், பல பாட்டுகள் தொடங்கிய இடத்திலேயே நின்று மெலிந்துபோகின்றன. ஆனால் இந்த மெலிவைக் கேட்டே கண்டுபிடிக்கலாம். ஐபேட் என்ற செய்தி தேவையில்லை. 'கலா'வும் அலைச்சலில் பிறந்ததுதான். அது மெலியவில்லை, நெரிசலாக இருக்கிறது. ஒரே முறையில் பிறந்த இரண்டு தொகுப்புகளுக்கு எதிரெதிர் குறைகள் இருந்தால், குறையை அந்த முறையின் தலையில் கட்ட முடியாது. அண்ணன் கேட்காமலே சொல்லும் தீர்ப்பு தற்செயலாகச் சரியாக அமைந்தாலும் அதைத் தீர்ப்பென்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

இரைச்சல் என்ற புகாருக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். உறுமி இரைச்சல்தான். வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்துத் தேய்த்து முனகவைத்து, மறுமுகத்தை அடித்து, நாடியம்மன் திருவிழாக் கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் வயிற்றில் விழ வேண்டும் என்று உண்டான ஒலி அது. அதைக் கைபேசியின் சுண்டைக்காய் ஒலிபெருக்கியில், ஒரு முழத் தொலைவில் வைத்துக் கேட்டால் முனகல் போய்க் கரகரப்புதான் மிஞ்சும். இதே அண்ணன் நையாண்டி மேளத்துக்கு முன்னால் நின்று அரைமணி நேரம் தலையாட்டுவார். உறுமி அங்கே ஊர்க்காரரின் தோளில் தொங்குகிறது, இங்கே தோள் தெரியவில்லை என்பதுதான் அவரைத் தொந்தரவு செய்கிறது.

தோள் தெரியாததில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. தொகுப்பைக் கொண்டாடிய கட்டுரைகளில் ஒரே பெயர்தான் பெரிதாக நின்றது. சென்னையில் அடித்தவர்களின் பெயரை யாரும் தேடிப் போகவில்லை. அண்ணன் மட்டும் இதைப் பிடித்துக்கொண்டால் எதிர்க்கட்சி திணறும். பிடிக்க மாட்டார். 2008-இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்து, 'கலா'வின் 'பேப்பர் பிளேன்ஸ்' அதில் ஒலித்து, ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாட்டுக்காக மாயாவின் பெயர் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஏறிய பிறகு, அவர் முதல் கட்சிக்கு மாறியாயிற்று. "நாந்தான் முதல்ல சொன்னேன்" என்பதற்கு மண்டியில் சாட்சிகளும் உண்டு. அடித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை அவர் எழுப்பாததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. திருவிழாக் குழுவில் மேளத்துக்குக் கூலி பேசும் பொறுப்பு அவருடையது. பேசி முடித்த தொகை வண்டிச் சத்தம் சேர்த்தா, சேர்க்காமலா என்பதில் உறுமிக்காரருக்கும் அவருக்கும் ஆண்டுதோறும் தகராறு.