லினக்ஸ் சித்தப்பா

சொந்தத்தில் ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் வேண்டும் என்பார்கள். வேண்டாமலே வாய்ப்பவர் லினக்ஸ் சித்தப்பா. வயது ஐம்பதை ஒட்டி. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பென்டிரைவ். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னும் விண்டோஸ்தானா?"

தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் என்றால் அவருக்கு இளப்பம். பிராசஸரோடு கூடவே வரும் இன்டெல் கிராபிக்ஸ் போதாதா? அதற்கென்று தனி மெமரி கிடையாது. ராமிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். "கூட்டுக் குடும்பம்டா. ஒரே உலை, ஒரே சமையல்." (சித்தி தனிக்குடித்தனம் போய் இருபது வருஷமாகிறது.)

தீபாவளிக்கு வந்தபோது எங்கள் கணினியை லினக்ஸுக்கு மதம் மாற்றினார். பொங்கலன்று பழைய அகல மானிட்டர் ஒன்றை விஜிஏ கேபிளில் மாட்டி அண்ணன் கல்யாண வீடியோவைப் போட்டோம். திரை 1024-க்கு 768-இல் வந்து பக்கவாட்டில் இழுபட்டது. மணமேடையில் அண்ணி முகம் பூசணிக்காய். பக்கத்திலிருந்த நிஜ அண்ணி எழுந்து போய்விட்டார். சித்தப்பா முகத்தில் மட்டும் அப்படி ஒரு பிரகாசம்.

"ஈடிஐடி வரல," என்றார். மானிட்டர் தன் ஜாதகத்தைத் தானே கணினிக்குச் சொல்லும், அதுதான் ஈடிஐடி. மட்டமான கேபிளில் அதற்கான கம்பியே இருக்காது. ஜாதகம் வராவிட்டால் லினக்ஸ் வம்பெதற்கென்று 1024-இல் நின்றுவிடும். புதுக் கேபிள் வாங்கலாமே என்றேன். பொருட்படுத்தவில்லை. ஜாதகத்தைத் தானே கணிக்க டெர்மினலைத் திறந்தார்.

மானிட்டரின் அகலம் 1366 புள்ளி. திரைக்கணக்குப் போடும் சிவிடி கட்டளையிடம் அதைக் கேட்டால் 1368 என்று தந்தது. அகலம் 8-ஆல் வகுபட வேண்டும் என்பது அதன் ஆசாரம். மிச்ச இரண்டு புள்ளி எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரே கேட்டு, அவரே அரைமணி நேரம் பதில் சொன்னார்.

பிறகு, அந்தக் கணக்கைத் திரையில் ஏற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளை. மானிட்டர் மாட்டிய இடத்தின் பெயராக 'விஜிஏ1' என்று அடித்தார். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது. டிரைவர் மாறினால் நடுவே சிறு கோடு போட்டு 'விஜிஏ-1' என்றால்தான் திரும்பிப் பார்க்குமாம். அந்தக் கோடு கிடைப்பதற்குள் சர்க்கரைப் பொங்கல் இறுகிவிட்டது.

ஒருவழியாகப் பூசணிக்காய் அண்ணியானது. கூப்பிடப் போனேன். அடுக்களையில் அண்ணியும் சித்தியும் மொபைலிலேயே தாலி கட்டி முடித்து, பந்திக்கு வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் வந்தது. மறுபடி பூசணிக்காய். எக்ஸ்ரேண்டரில் செய்தது ரீஸ்டார்ட்டுக்குத் தாங்காது. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பது.

மறுநாள் போன் செய்தார். "படம் எப்படியிருக்கு?"

"நல்லாயிருக்கு சித்தப்பா."

"ஸ்க்ரோல் பண்ணா கிழியுதா?"

"இல்லையே."

மறுமுனையில் சத்தமே இல்லை. பாவமாக இருந்தது.

"சரி, ஞாயித்துக்கிழமை வரேன். திரையை வரையற வேலையையே வேலண்டுக்கு மாத்திருவோம். அங்க இந்த எக்ஸ்ரேண்டர் ஜம்பமெல்லாம் பலிக்காது, முதல்லேர்ந்து பார்க்கணும்," என்றார், குரல் தெளிந்து.