எல்லோரும் இடப்பக்கமே ஏறினார்கள்

ஜேர்மனியில் பழைய கார் விற்பது பெரிய வித்தை அல்ல. முப்பது வயது தாண்டி, பழைய கோலம் கெடாமலும் இருந்தால் இலக்கத்தகட்டின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்தைத் தருவார்கள். 1997இல் வந்த ஏற்பாடு. அந்த எழுத்து இருந்தால் எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் வருட வரி 191 யூரோ 73 சென்ட்தான். பச்சை ஒட்டி இல்லாத கார்களை மறிக்கும் நகர மையங்களுக்குள்ளும் தாராளமாகப் புகை விட்டுக்கொண்டு போகலாம். பழசைக் கண்டால் உருகுகிற சனம் இது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு மொறிஸ் மைனரை விற்க முடியாமல் அலைந்தவன் நான்.

1965ஆம் ஆண்டு வண்டி. நான்கு கதவு, 1098 சிசி எஞ்சின், ஸ்டியரிங் வலப்பக்கம். இங்கிலாந்தில் வாங்கும்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் அது எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, கண்ணில் படவில்லை. படகேறி இக்கரை வந்து, நெடுஞ்சாலையில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோதுதான் பட்டது.

“இதை விக்கிறதெண்டால் உங்களைவிடப் பெரிய விசரன் ஒருத்தன் வேணும்” என்று மனைவி அன்றே சொல்லிவிட்டாள். அந்த விசரனைத் தேடிய கதைதான் இது.

முதலில் விளம்பரம். ‘வலப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றது’ என்று தலைப்பிலேயே போட்டேன். பொய் இல்லை. இடப்பக்கப் போக்குவரத்து நாட்டுக் கார்களின் டிம் லைற் இடது ஓரத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். இங்கே அது எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். அதனால் விளக்குகளை மாற்றியிருந்தேன். நான் எழுதியது விளக்குகளைப் பற்றி. வாசிப்பவர் ஸ்டியரிங் என்று நினைத்தால் அது அவர் பாடு. ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தை ‘புகைபிடிக்காதவரின் வாகனம்’ என்பதற்கும் கீழே, ஆகக் கடைசி வரியில் வைத்தேன்.

படங்களுக்குப் பொறுப்பு என் பெறாமகன். “சித்தப்பா, ஸ்டியரிங்கை நான் மாத்தித் தாறன்” என்று கைத்தொலைபேசியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். படம் கண்ணாடியில் பார்ப்பதாய்த் திரும்பி, ஸ்டியரிங் இடப்பக்கம் போய்விட்டது. இலக்கத்தகட்டை எல்லாரும் மறைப்பதுபோல மறைத்தும் விட்டான். நான் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வந்த முதல் விசாரிப்பு: “உங்கள் ஊரில் பேக்கரிப் பெயர்ப்பலகையை வலமிருந்து இடமாகவா வாசிப்பார்கள்?”

விசாரிப்புகள் வந்தன, ஆட்களும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் நேரே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கையையும் நீட்டினார்கள். அங்கே இருப்பது சாமான் வைக்கிற தட்டு. நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே நின்று வானத்தைப் பார்ப்பேன். அந்த அரை நிமிடத்தை எப்படிக் கடப்பது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இதே காரை இடப்பக்க ஸ்டியரிங்கோடும் செய்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். வேகமானி நடுவில் இருப்பது அதற்குத் தோது: ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வைத்தாலும் அதை அசைக்கத் தேவையில்லை. ஆகவே மைனர் வேண்டுமென்று நிற்கிற ஜேர்மன்காரருக்கும் என்னுடையதை வாங்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நடுவேகமானியால் எங்கள் வீட்டில் விளைந்தது வேறு. நான் எத்தனையில் ஓட்டுகிறேன் என்பது எனக்குத் தெரியும் அதே கணத்தில் மனைவிக்கும் தெரிந்தது.

எனக்கு இன்னொரு துருப்பு இருந்தது. 1961இல் பத்து இலட்சம் மைனர் செய்து முடித்ததைக் கொண்டாட, இளம் ஊதா நிறத்தில் 350 கார்களை விட்டார்கள். என் காருக்கும் முன்னைய சொந்தக்காரர் யாரோ இளம் ஊதா அடித்திருந்தார். ‘அந்த வரலாற்று நிறத்தில்’ என்று விளம்பரத்தில் ஒரு சொல்லைச் செருகினேன். சட்டைப்பையில் காந்தத்தோடு ஒரு பெரியவர் வந்தார். “அந்த ஊதாக் கார்களுக்கு இரண்டு கதவு. உங்களுடையதுக்கு?” என்றார். நான் எண்ணிப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தேன். அவர் அதற்குள் குனிந்து கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தார். அது ஒட்டாமல் நிலத்தில் விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி இருந்திருக்கிறது. காந்தத்தை நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

ஓட்டிப் பார்க்க வந்த இளம் சோடி ஒன்று. பையன் வலப்பக்கம் ஏற, அவனுடைய பெண் பின்னால், நான் இடப்பக்கம். முதலாம் கியர் போட்டான். இரண்டாவதுக்குப் பழக்கத்தில் வலக்கையை இறக்கி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துச் சுழற்றினான். கண்ணாடி இறங்கியது. மூன்றாவதைத் தேடியபோது இன்னும் இறங்கியது. இதுவரை பரவாயில்லை. அவன் வழக்கம்போலத் தான் றோட்டின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று ஓட்டினான். அவன் அங்கே இருந்தால் அவனுக்கு இடப்பக்கம் இருக்கிற நான் எங்கே இருப்பேன்? எதிரே பால் லொறி ஒன்று எனக்கு நேராக வந்துகொண்டிருந்தது. என் காலடியில் இல்லாத பிரேக்கை நான் மிதித்த மிதியில் கால்விரிப்பு மடிந்துபோயிற்று. வாயிலிருந்து அம்மாளாச்சி முதல் கொண்டு எல்லாரும் வந்தார்கள். பின்னாலிருந்த பெண், அது எந்த மொழி, மிக அழகாக இருக்கிறதே என்று கேட்டாள். இறங்கும்போது பையன் “சுவாரசியமான வண்டி” என்றான். ஜேர்மன்காரர் சுவாரசியம் என்றால் வாங்கமாட்டார்.

இன்னொருவர் விவரமானவர். முன்னால் உழவு இயந்திரம் போனால் எப்படி முந்துவீர்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்: மனைவி இடப்பக்கம் இருந்து தலையை நீட்டிப் பார்த்து “போங்கோ” என்பாள், போவேன். கார் தரிப்பிடத்தில் சீட்டு எடுப்பதும் அவள்தான். அவள் வராத நாளில் சமையலறை இடுக்கி. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு “நான் தனியாள்” என்று கையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு நான் வரலாற்றைக் கையில் எடுத்தேன். புகாட்டிக்கு வலப்பக்க ஸ்டியரிங். லான்சியா 1950கள் வரையில் அப்படித்தான் செய்தது, அல்ப்ஸ் மலை வளைவுகளில் டிரைவருக்குப் பாதையின் விளிம்பு தெரிய வேண்டும் என்பதற்காக. இதை மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். எங்கள் ஊரில் மலையே கிடையாது என்றார் ஒருவர். அதுவும் சரிதான்.

கடைசியில் மனதைத் தொடுவோம் என்று யாழ்ப்பாணத்தைக் கொண்டுவந்தேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. மைனரும் ஏ-ஃபோர்ட்டியும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஹயர் காருக்குள் பத்துப் பேர், அதிலொருவர் பிள்ளைத்தாய்ச்சி. சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல எழுந்து போய்ப் பெற்றோல் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். இந்தக் கார் இங்கிலாந்தில் இருந்தது, மண்ணெண்ணெயைக் கண்டதே இல்லை என்று நான் சத்தியம் செய்யச் செய்ய அவருக்குச் சந்தேகம் கூடியது.

எங்கள் ஆட்கள்தான் வாங்குவார்கள் என்று தெளிந்து, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வருகிற திருவிழா. காரைச் சுற்றியும் ஒரு கூட்டம். தடவினார்கள். தங்கள் சின்னையாவிடமும் இதேதான் நின்றது என்றார்கள். பிள்ளைகளைத் தூக்கி முன்மூடியில் இருத்திப் படம் எடுத்தார்கள். ஒரு அம்மா முன் ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டுப் போனார். கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘விற்பனைக்கு’ என்ற அட்டையைப் படத்துக்கு மறைக்கிறது என்று யாரோ கழற்றிப் பின் இருக்கையில் வைத்திருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன்தான் விலையையே கேட்டார். அங்கே ஸ்டியரிங் பிரச்சினை இல்லை. திருப்பிக் கொண்டுபோக இறக்குமதி வரியும் ஐந்து வீதம்தான், நாற்பது வருடம் தாண்டிய காருக்கு எம்ஓரி என்கிற வருடச் சோதனையும் வேண்டாம் என்று அவரே விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். என் முகம் மலர்ந்தது. “ஆனா தம்பி, உது அங்க இதைவிட மலிவாக் கிடக்கே” என்றார்.

வாங்கியவர் நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்தார், நேரே வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். எனக்கு வியர்த்தது. காலம் முழுக்க வீதி கூட்டும் லொறி ஓட்டியவராம். நடைபாதை விளிம்பைப் பார்த்துக்கொண்டு ஒட்டிப்போக வேண்டும் என்பதால் அந்த வாகனங்களில் பலதை வலப்பக்கமிருந்து ஓட்டுவார்கள். கியர் மாற்றியது எனக்குக் கேட்கவே இல்லை. வீட்டடிக்குத் திரும்பி, விளிம்புக்கும் ரயருக்கும் இடையில் நாலு விரல் விட்டு நிறுத்தினார். பிறகு இறங்கி வலப்பக்கச் சில்லுகளுக்குப் பக்கத்தில் குந்தினார். சில்லு மூடிகளில் வளைய வளையக் கீறல்.

“டிரைவர் எந்தப் பக்கம்?”

“வலது.”

“நடைபாதை எந்தப் பக்கம்?”

“வலது.”

“அப்படியென்றால் இது எப்படி?”

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மனைவி தேத்தண்ணியோடு வந்து, இது கோயிலடியில், இது தங்கச்சி வீட்டு வாசலில், இது அண்டைக்கு நான் சொல்லச் சொல்லக் கேளாமல் என்று ஒவ்வொரு கீறலாகக் காட்டி நல்ல ஜேர்மன் மொழியில் விளக்கத் தொடங்கினாள். மனிதர் தலையாட்டித் தலையாட்டி, கீறலுக்கு ஐம்பது யூரோ வீதம் குறைத்துக்கொண்டே வந்தார். பின் சில்லுக்குப் போவதற்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன்.