போர்டு மாட்டும் முன்

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்ததும் ‘மருத்துவ உளவியலாளர்’ என்று போர்டு மாட்டிவிடலாமா?

பதில்: பெயின்டர் சம்மதிப்பார், சட்டம் சம்மதிக்காது. 1992-இன் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, அதற்குக் கவுன்சிலின் பதிவு வேண்டும். முதுகலைக்குப் பின் 2 வருட முழுநேர எம்.ஃபில். என்பதே பதிவுக்குப் பலரும் நடந்த பாதை. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதில் பெயர்பெற்றது.

பயிற்சியின் உயிர் வார்டில்தான் இருக்கிறது. மாணவி ஐந்து எண்களை நிதானமாகச் சொல்கிறாள். எதிரே உள்ள பெரியவர் அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் தடுமாறுகிறார். மதிப்பெண்ணைக் குறித்தால் மட்டும் போதாது, வேட்டி நுனியைக் கசக்கும் அவர் விரல்களையும் அவள் பார்க்க வேண்டும். பாடப்புத்தகம் இதைக் கற்றுத்தராது.

மருத்துவ உளவியல் வேண்டாம், மனிதவளத் துறை வேலை போதும் என்றால் இத்தனை தூரம் போக வேண்டியதில்லை, முதுகலையோடு நுழையலாம்.

எம்.ஃபில். விதிகள் மாறிவருகின்றன. கட்டணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியும் படிப்பும் கவுன்சிலின் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.