மனு மாமாவின் வாரிசுகள்

எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே தொழில். சர்க்கார் தருவதாகச் சொன்னதை, வாங்க வேண்டிய வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. என் தாய்மாமாவை ஊரில் ‘மனு மாமா’ என்பார்கள். நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் என்னைக் களப்பணியாளர் என்றது. அண்ணன் மகளின் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘சமூகப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் (ஒப்பந்தம்)’ என்று அச்சடித்திருக்கிறது. பெயர் நீண்டுகொண்டே வந்த வேகத்தில் வேலையின் ஆயுள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மாமா சாகும்வரை மனு எழுதினார். நான் நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்த வரைக்கும் இருந்தேன். அவளுக்கு மார்ச் 31 வரை.

மாமாவின் அலுவலகம் தாலுகா ஆபீஸ் வாசலில் இருந்த புளியமரம். ஒரு மடக்கு நாற்காலி, தொடையில் வைத்து எழுத ஒரு பரீட்சை அட்டை, கைநாட்டுக்கு ஒரு மைப்பெட்டி. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போய்விட்டவர். ஆனால் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று அவர் எழுதுகிற கையெழுத்தைப் பார்த்தால் பெறுநரே எழுந்து நின்றுவிடுவார். கூலி இரண்டு ரூபாய். இல்லாதவர்கள் ஒரு படி கேழ்வரகோ நாலு புடலங்காயோ கொண்டுவருவார்கள். எழுத்துக்காக யாரும் அவரிடம் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. எந்த மேஜையில் ஃபைல் தூங்குகிறது, எந்த கிளார்க் லீவில் போயிருக்கிறார், தாசில்தார் எந்தக் கிழமை நல்ல மூடில் இருப்பார் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும்.

அதற்கும் முந்தைய காலத்தில் இதெல்லாம் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் நடந்தது. பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980-ல் எம்.ஜி.ஆர். ஒழித்தார். தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். திண்ணையின் கீழே கைகட்டி நின்றவர்களுக்கு அது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஒரே ஒரு சங்கடம்தான். கணக்குப்பிள்ளை அதிகாரம் பண்ணிக்கொண்டு ஊரிலேயே கிடந்தார். புதியவர் அதிகாரம் பண்ணவில்லை, ஊரிலும் இல்லை. பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் குடியிருந்தார். மாமாவுக்கு வியாபாரம் கூடியது.

முதியோர் உதவித்தொகை இந்த மாநிலத்தில் 1962-ல் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். ஆதரிக்க ஆளில்லாத முதியவருக்குத்தான் கிடைக்கும். அதாவது ஒரு குடும்பத்துக்கு உதவி வாங்கித்தர வேண்டுமானால், முதலில் அந்தக் குடும்பமே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மாமாவின் மனுக்களில் பாதி இந்த வகைதான். பக்கத்துத் தெருப் பாட்டி ஒருத்தி வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

“மவன் இருக்கானா ஆயா?”

“இருக்கான் சாமி. சோறுதான் போடல.”

“அப்ப, இல்லைன்னு எழுதிடறேன்.”

பாட்டிக்கு வந்ததே கோபம். “எம் புள்ளய நீ எதுக்கு சாவடிக்கிற? உம் பணமும் வேணாம், மயிரும் வேணாம்” என்று எழுந்துவிட்டாள். மாமா அவளைக் கையமர்த்தி உட்காரவைத்து, ‘ஆதரிப்பார் எவருமில்லை’ என்று எழுதினார். மகன் உயிரோடும் இருந்தான், விதிக்கும் பங்கமில்லை. பாட்டி திருப்தியாக மையில் விரலைத் தோய்த்தாள். சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் தருகிற கல்லூரிகள் பல வந்துவிட்டன. அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு எங்கேயாவது இருக்கிறதா, தெரியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும். விடியற்காலை பஸ் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பலாம். 1993-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், கலெக்டர் விழுப்புரத்துக்கு வந்தார். 2019-ல் கள்ளக்குறிச்சியே மாவட்டமானது. ஒரே வீட்டில் குடியிருந்தபடி மூன்று மாவட்டங்களுக்கு மனு கொடுத்த பெருமை எங்களுக்கு உண்டு.

என் சம்பளம் 350 ரூபாய், ஒரு சைக்கிள், ஒரு ஜோல்னாப் பை. தொண்ணூறுகளில் பங்கேற்பு முறை என்று ஒன்று வந்தது. ஊர்மக்களையே கூப்பிட்டு, கோலப்பொடியால் தரையில் ஊரின் வரைபடத்தைப் போடச் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன தேவை என்று அவர்களே காட்டுவார்களாம். பெண்கள் அழகாகப் போட்டார்கள். கோயில், ஏரி, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி எல்லாம் இருந்தன. காலனி மட்டும் இல்லை. கேட்டால், “அது அந்தாண்ட இருக்குதே தம்பி, பொடி பத்தல” என்றார்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, மிகச் சிறந்த பங்கேற்பு என்று அறிக்கை எழுதினார். உதவி அதிகம் தேவைப்பட்ட வீடுகள் பொடி பற்றாத பக்கத்தில்தான் இருந்தன. அடுத்த வாரம் நான் தனியாகத்தான் அங்கே சைக்கிளை மிதித்தேன்.

1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். மகளை எட்டாவது வரை நிறுத்தாமல் அனுப்பிய வீடுகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த அளவுக்கு அது நல்ல திட்டம்தான். கல்யாணத்துக்கென்று கேட்ட பணம் குழந்தையின் காதுகுத்துக்கு வந்து சேர்ந்த வீடுகளும் உண்டு. யாரும் திருப்பி அனுப்பவில்லை. 2022-ல் அந்தத் திட்டம் புதுமைப் பெண் என்று மாறிவிட்டது. கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் போகிறது. தாலியிலிருந்து படிப்புக்கு வந்திருக்கிறோம். இதில் எனக்கு எந்தக் கிண்டலும் இல்லை.

அதே 1989-ல்தான் என்னோடு படித்த ஒருவனுக்கு மக்கள் நலப் பணியாளர் வேலை கிடைத்தது. ஊராட்சியில் இருந்துகொண்டு அரசு உதவிகளை மக்களிடம் சேர்ப்பவன். சர்க்கார் வேலை என்பதால் என்னைவிடப் பெரிய ஆள். 1991-ல் ஆட்சி மாறியது, வேலை போயிற்று. 1997-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். 2001-ல் அனுப்பினார்கள். 2006-ல் கூப்பிட்டார்கள். 2011 நவம்பரில் சுமார் 13,500 பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று நடந்தது. 2022-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளராக, மாதம் 7,500 ரூபாய்க்கு வரச் சொன்னார்கள். அதற்குள் பலருக்கு முதியோர் உதவித்தொகைக்கே வயது நெருங்கியிருந்தது. என் நண்பனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டதேயில்லை. அடுத்த தேர்தல் எப்போது என்றுதான் கேட்டார்கள். ஏழை வீடுகளுக்குப் பாதுகாப்பு வாங்கித்தர வந்த வேலையில் இவ்வளவு பாதுகாப்பு இருந்தது.

இனி அண்ணன் மகள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். வேலைக்கு விளம்பரம் வந்தபோது தகுதிகளில் சொந்த ஸ்கூட்டியும் ஆண்ட்ராய்டு போனும் இருந்தன. பெட்ரோல் அவளுடையது, போன் அவளுடையது. போனுக்குள் இருக்கும் செயலி மட்டும் திட்டத்துடையது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் நின்று இருப்பிடம் பதியும்படி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்களில் வீட்டைப் பார்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போகிறாள்.

காலம் தலைகீழாகிவிட்டது, மறுக்க முடியாது. முன்பு ஜனங்கள் சர்க்காரைத் தேடினார்கள். பிறகு எல்லாத் திட்டமும் ஜனங்களைத் தேட ஆரம்பித்தது: மக்களைத் தேடி மருத்துவம், இல்லம் தேடிக் கல்வி, மக்களுடன் முதல்வர், உங்களுடன் ஸ்டாலின். இவள் காலை 11 மணிக்குப் போனால் இல்லம் பூட்டியிருக்கும், மக்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

“ஏன் சித்தப்பா, உங்க காலத்துல பேப்பர்தான் பிரச்சனையா இருந்துச்சு, இல்ல?” என்று ஒருநாள் கேட்டாள்.

“இப்ப?”

“இப்ப பேப்பரே இல்ல. ஓ.டி.பி. திருப்பூர்ல இருக்குது.”

அவள் பார்க்கும் ஒரு பாட்டியின் ஆதாரோடு இணைந்த போன் எண் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் பேரனுடையது. அவன் ஷிப்டு முடிந்து பார்ப்பதற்குள் ஓ.டி.பி. செத்துவிடும். ஆதாரில் பாட்டியின் பிறந்த நாள் ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அப்படித்தான் பதிந்தார்கள். அதனால் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் கூட்டம் கூட்டமாகப் புத்தாண்டில் பிறந்திருக்கிறார்கள். களைக்கொட்டு பிடித்துத் தேய்ந்த விரலை ரேஷன் கடை மிஷின் ஏற்க மறுக்கிறது. மாமாவின் மைப்பெட்டி எந்த விரலையும் மறுத்ததில்லை.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுந்தது. நடுவில் ஆள் இல்லை, கமிஷன் இல்லை. இதைப் பார்க்க மாமா இல்லையே என்று நினைத்தேன். விழாதவர்களுக்குக் குறுஞ்செய்தி போயிற்று. மேல்முறையீட்டுக்கு இ-சேவை மையம் போக வேண்டும். செய்தியைப் படித்துச் சொல்ல ஓர் ஆள், மையத்துக்குக் கூட்டிப்போக ஓர் ஆள், கோட்டாட்சியருக்கு என்ன சொல்வதென்று யோசிக்க ஓர் ஆள் என்று மறுபடியும் தேவைப்பட்டது. இவள் வீட்டுத் திண்ணை நிறைந்தது.

இவள் தலைமுறை எங்களைவிட நன்றாகச் செய்வதும் உண்டு. 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழே வகைதான் இருந்தன. ஆட்டிசம் அதில் கிடையாது. அப்படிப்பட்ட பையனை நாங்கள் ‘ஒரு மாதிரி’ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். எங்கள் படிவத்தில் அவனுக்கு இடமே இல்லை. 2016-ன் சட்டம் வகைகளை 21 ஆக்கியது, ஆட்டிசத்தையும் சேர்த்தது. இவள் போன வருஷம் அப்படி ஒரு பையனின் அம்மாவைத் தேடிப்போய், மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போய், அடையாள அட்டையும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் வாங்கிக் கொடுத்தாள். பணத்தைவிட, பையனுக்கு என்ன என்று ஒருவர் உட்கார்ந்து பேசியதுதான் பெரிது என்று அந்த அம்மா சொன்னாளாம். செயலியில் அதைப் பதிய இடமில்லை. ‘பயனாளி: 1’ என்று ஏறியது.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகங்களின் வாசலில் மனு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களின் பையில் தீக்குளிக்க மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீஸ்காரர்கள் தடவிப் பார்க்கிறார்கள். மாமா காலத்தில் அந்தப் பையில் புடலங்காய்தான் இருந்தது.

ஆண்டுக்கு ஆண்டு பட்ஜெட்டில் புதுத் திட்டம் வருகிறது. ஒரு வருஷம் புதிதாக எதுவும் அறிவிக்க வேண்டாம். இருக்கிற திட்டங்கள் அத்தனையும் தெரிந்த ஒருவரை, ஊராட்சிக்கு ஒருவர் என்று, எந்த ஆட்சி வந்தாலும் போகாத வேலையில் வையுங்கள். அதுவரை, வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உங்கள் வாசலில் போட்டோ எடுக்கும் பெண்ணிடம் “பணம் எப்பம்மா வரும்?” என்று கேட்காதீர்கள். அவளுக்கே மூன்று மாதமாக வரவில்லை.