கடவுள் போனார், பூசை போகவில்லை

பிரெஞ்சுத் தத்துவவாதி அகஸ்ட் காம்ட் கடவுளுக்கு விடைகொடுத்து அனுப்பினார். கோயில், குருமார், ஒன்பது சடங்குகள் ஆகியவற்றை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டார். காலியான பீடத்தில் ஏறியது மனிதகுலம்.

1849இல் புதுப் பஞ்சாங்கமும் வந்தது. மாதத்துக்கு 28 நாள் வீதம் 13 மாதங்கள். மோசே, ஹோமர், ஷேக்ஸ்பியர் என்று மாதத்துக்கொரு மகான். மிஞ்சிய ஒரு நாள், செத்தவர்கள் அனைவருக்கும். (நம்மூர் மகாளய அமாவாசைக்கு அண்ணன் தம்பி முறை.)

1846இல் இறந்த, காம்ட்டின் அன்புக்குரிய பெண் குளோட்டில்ட் உட்கார்ந்த நாற்காலிதான் அவருக்குச் சன்னிதி. அதன்முன் மண்டியிட்டுத் தொழுதார்.

அன்பு, ஒழுங்கு, முன்னேற்றம் என்பது அவருடைய மூலமந்திரம். சீடர்கள் பிரேசிலில் பெருகி, ரியோ டி ஜெனிரோவில் கோயிலே எழுப்பினார்கள். 1889இல் நாட்டுக் கொடியில் அந்த மந்திரம் ஏறியபோது ஒழுங்குக்கும் முன்னேற்றத்துக்கும் இடம் கிடைத்தது. அன்புக்குத்தான் கிடைக்கவில்லை.